நடுவுக்கு வந்த நீரூற்று

பூங்கா என்று ஒன்று இருந்தால் அதில் நீரூற்று இருந்தே ஆக வேண்டும். இதை நான் சொல்லவில்லை. என் மைத்துனன் கைபேசியில் அனுப்பிய படங்கள் சொல்லின. அவன் குடியிருக்கும் பக்கத்தில் பூங்காவுக்கு நீரூற்று வந்துவிட்டதாம். அதன் முன்னால் குடும்பத்தோடு நின்று பல் தெரியச் சிரித்துப் பதினேழு படம் அனுப்பியிருந்தான். எங்கள் தெருமுனைப் பூங்காவில் இருந்ததெல்லாம் ஆறு பெஞ்சு, ஒரு சறுக்குமரம், மூன்று வருடமாக ஒழுகும் ஒரு குழாய். குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில் எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

"அந்தக் குழாயச் சரி பண்ணச் சொல்லி எழுதுங்களேன்" என்றாள் மனைவி.

குழாய்க்கெல்லாம் மனு எழுதினால் சங்கத்தின் கௌரவம் என்னாவது என்று விளக்கினேன். பிறகு உட்கார்ந்து, 'நீரூற்றின்றி வாடும் நெஞ்சங்கள்' என்று ஆரம்பித்து நான்கு பக்கம் எழுதினேன். என் நடையைப் பற்றி நானே சொல்லக் கூடாது. இருபத்து மூன்று வீட்டிலிருந்து அறுபத்திரண்டு கையெழுத்து விழுந்தது. மனைவி மட்டும் கை ஈரமாக இருக்கிறது என்று நழுவிவிட்டாள்.

மனு கொடுத்தால் எதுவும் நடக்காது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். எங்கள் போதாத காலம், நடந்துவிட்டது. காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். தண்ணீர்க் குழாய் பூங்காவின் மேற்கு ஓரத்தோடு நின்றிருந்தது. நடுவில் கட்டினால் குழாயை நீட்ட வேண்டும், ஓரத்தில் கட்டினால் வேண்டாம். ஓரத்திலேயே கட்டினார். அதைத் தாண்டினால் எங்கள் தெரு, முதல் வீடு என்னுடையது. நான்கு சிமெண்ட் மீன்கள் வாயைப் பிளந்து என் மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றன. பெரிய மனிதர் ஒருவர் வந்து கல்வெட்டைத் திறந்துவைத்தார். பதினோரு நிமிடம் தண்ணீர் பீறிட்டது. அவருடைய கார் முனை திரும்பியதும் நின்றது.

இதோடு போயிருந்தால் ஊரோடு ஒத்த கதையாக முடிந்திருக்கும். ஆனால் மாநகராட்சி அந்த வருடம் ஒரு பூங்கா வடிவமைப்பு ஆலோசகரை நியமித்திருந்தது. இப்போது எல்லா நகரத்திலும் ஒருவர் இருக்கிறாராம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மண் என்ன சொல்கிறது என்று கேட்டபடி பூங்காவை இரண்டு சுற்று வந்தார். மூன்றாவது சுற்றில் மீன் மேல் இடித்துக்கொண்டார்.

"நீரூற்றுங்கிறது பூங்காவோட இதயம். இதயத்த யாராவது ஓரத்துல வைப்பாங்களா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு அது கொஞ்சம் இடது பக்கமாத்தான் சார் இருக்கு" என்றார் தோட்டக்காரர்.

இதற்காக அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் அளித்த விளக்கத்தோடு ஒரு மருத்துவச் சான்றிதழும் இணைக்கும்படி திருப்பி அனுப்பினார்கள்.

ஆலோசகர் வைத்திருந்த பூங்காக் கையேட்டின் பதினான்காம் விதிப்படி நீரூற்று பூங்காவின் நட்டநடுவில் அமைதல் வேண்டும். எனவே அதை நடுவுக்கு நகர்த்தலாமா என்று மாநகராட்சிப் பொறியாளர் அறையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. நகர்த்த முடியாது என்று தெரிந்தது. 'இவ்விடத்தில் திறந்துவைக்கப்பட்டது' என்று கல்வெட்டில் செதுக்கியிருக்கிறது. நகர்த்தினால் கல்வெட்டு பொய் சொல்லும். அதில் பெரிய மனிதரின் பெயர் இருப்பதால் அவரே பொய் சொன்னதாக ஆகும். ஆக, நீரூற்று நகராது. அப்படியானால் நடுதான் நகர வேண்டும்.

இதில் கஷ்டமே இல்லை என்றார் நில அளவையாளர். நீரூற்றிலிருந்து கிழக்கு மதிலுக்கு நூற்று நாற்பது மீட்டர். மேற்கேயும் நூற்று நாற்பது மீட்டரைப் பூங்கா என்று வைத்துக்கொண்டால் நீரூற்று தானாக நடுவுக்கு வந்துவிடும். வரைபடத்தில் ஒரே ஒரு கோடு போட்டார். எங்கள் தெருவின் இருபத்து மூன்று வீடும் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டன.

நான் பதறிக்கொண்டு ஓடினேன். பொறியாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டோம், எல்லாம் காகிதத்தில்தான் என்று ஆறுதல் சொன்னார். நிம்மதியாக வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடம் சொன்னேன்.

"வீடு நம்மளுதுங்கிறதும் காகிதத்துலதானேங்க இருக்கு?" என்றாள்.

பெண்களுக்கு நிர்வாகம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் எனக்கும் புரிந்துவிட்டது. பூங்காவுக்குள் இருக்கத் தகுந்தவை என்று கையேட்டில் ஒரு பட்டியல் உண்டு: மரம், பெஞ்சு, விளக்குக் கம்பம், சிலை, கழிப்பறை, ஓய்வுக்கூடம். வீடு என்று அதில் எதுவும் இல்லை. உங்கள் வீட்டை இந்த ஆறில் எதுவாகப் பதிவு செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டு நோட்டீஸ் வந்தது. நான் ஓய்வுக்கூடம் என்று எழுதிக் கொடுத்தேன். எதிர் வீட்டு வாத்தியார் யோசித்துக்கொண்டே இருந்து கடைசி நாளைத் தவறவிட்டார். மிச்சமிருந்தது கழிப்பறைதான். பாவம், அவர் வீட்டுக்குத்தான் ஆள் வரத்து அதிகம்.

ஓய்வுக்கூடம் என்றால் பொதுமக்கள் ஓய்வெடுப்பார்கள். என் முன்னறை சோபாவில் தினமும் யாராவது ஒருவர் வாயைத் திறந்து தூங்கினார். மனைவி நட்ட செம்பருத்திச் செடியில் 'பூக்களைப் பறிக்காதீர்' என்று தோட்டக்காரர் பலகை மாட்டினார். மாட்டிவிட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா, மேல இருந்து உத்தரவு" என்றார். தெருவின் மறுகோடியில் பூங்காவுக்கு ஒரு கேட்டும் போட்டார்கள். காலை பத்து முதல் மாலை நான்கு வரை பூங்கா மூடியிருக்கும், இரவு ஏழுக்கு மறுபடி மூடும். மூடும்போது உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. தவிர, பூங்காவுக்கு அனுமதித்த தண்ணீர் இணைப்பு ஒன்றே ஒன்று, அது நீரூற்றுக்குப் போகிறது. அதனால் வீட்டு இணைப்புகளைத் துண்டித்தார்கள்.

அதன் பிறகு காலை ஐந்து மணிக்கு மீன்கள் பதினோரு நிமிடம் துப்பும். இருபத்து மூன்று வீட்டாரும் குடம், வாளி, குக்கர் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு சுற்றி நிற்போம். என் மனைவிக்குத் தென்கிழக்கு மீன். முழங்கை வரை நனைந்து வருவாள். எனக்கு அழுகையே வந்தது, ஆனால் செயலாளர் அழக் கூடாது.

மீண்டும் பொறியாளரிடம் போனேன். அவர் மனிதர்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த ஃபைல் உங்க மனுவுல ஆரம்பிச்சது. நீரூற்று வேண்டாம்னு அதே அறுபத்திரண்டு பேரும் எழுதிக் கொடுத்தா அடியோட ரத்தாகிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். அதுக்கப்புறம் அந்தக் கோட்ட யாராலயும் அழிக்க முடியாது."

வியாழக்கிழமை மாலை பூங்கா பெஞ்சில் சங்கக் கூட்டம். மனைவி பேனாவை என் சட்டைப் பையில் செருகி அனுப்பினாள். இந்தத் தடவை கை ஈரமில்லை, அவளும் கையெழுத்துப் போடுவாள் என்று சொல்லியிருந்தாள்.

நான் மனு எழுதப் பேனாவை எடுக்கவும் ஆலோசகர் புகைப்படக்காரர்களோடு வரவும் சரியாக இருந்தது. மக்கள் அதிகமாகக் கூடும் நீரூற்று என்று எங்களுடையதற்கு விருது கிடைத்திருக்கிறதாம். எல்லோரும் காலையில் நிற்பது போலவே குடத்தோடு நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நின்றோம். என்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். அதற்குள் படம் எப்படியோ போய்ச் சேர்ந்து, மைத்துனன் போன் செய்துவிட்டான். குரலில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது.

"மாமா, எங்க நீரூத்துப் பக்கம் ஒரு ஈ காக்கா வரதில்ல. உங்க மனுவோட நகல் ஒண்ணு அனுப்புங்க, எங்க வீட்டையும் பூங்காவுல சேக்கச் சொல்றோம்."

விருது வாங்கிய நீரூற்றை எப்படி வேண்டாம் என்பது என்று வாத்தியார் இழுத்தார். அவர் வீட்டு வாசலில் அப்போது ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். காலையில் இருட்டாக இருப்பதால் குடம் தெரியவில்லை, வண்ண விளக்கு இருந்தால் வசதி என்றார் ஒருவர். பாட்டும் இருந்தால் காத்திருப்பது தெரியாது என்றார் இன்னொருவர். பேனா என் கையில் இருந்தது. என் நடைதான் உங்களுக்குத் தெரியுமே. 'விளக்கின்றி வாடும் நீரூற்று' என்று ஆரம்பித்தேன். அறுபத்திரண்டு கையெழுத்து விழுந்தது.

வீட்டுப் பக்கம் போனபோது மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எழுதியாச்சா?"

"ஆச்சு."

"என்னன்னு?"

சொன்னேன். அவள் தம்பி கேட்டதையும் சொன்னேன். காலி வாளியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். தென்கிழக்கு மீன் இனிமேல் உங்களுடையது என்று சொல்லிவிட்டு, மனுவின் நகலைத் தம்பிக்குத் தபாலில் சேர்த்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினாள்.

தபால் பெட்டியிலிருந்து திரும்பும்போது மணி ஏழு. தோட்டக்காரர் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.