மீலுக்கு அரை லிட்டர்

கிரான்வட்னெட்டில் ஒரு மனிதனிடம் வயதைக் கேட்கலாம். மனைவி ஏன் விட்டுப்போனாள் என்றுகூடக் கேட்கலாம். இரண்டுக்கும் உண்மையான பதில் கிடைக்கும். ஆனால் "உன் கார் மீலுக்கு எவ்வளவு குடிக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உண்மையை எதிர்பார்க்கக் கூடாது. ஸ்வீடனின் வடக்கில் இது எழுதாத சட்டம். மீல் என்பது பத்து கிலோமீட்டர். அதற்குக் குறைந்ததை அங்கே யாரும் தூரமாக மதிப்பதில்லை.

நகராட்சியின் வாகனப் பொறுப்பாளர் சிக்ஸ்டன் ஹெட்லுண்ட் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. ஊரோடு ஒத்து வாழ்கிறவர் என்பதால் அவரும் நான்கு சக்கரமும் இழுக்கும் க்ராஸ்ஓவர் கார் ஒன்றை வாங்கியிருந்தார். உயரமான உடம்பு, ஓரமெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக், கூரைமேல் சவப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. மலை ஏறும், ஓடையைக் கடக்கும். சிக்ஸ்டன் அதில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய் வந்தார். வழியில் மலையும் இல்லை, ஓடையும் இல்லை. ஒரு மளிகைக்கடை இருந்தது.

விளம்பரப் புத்தகம் மீலுக்கு அரை லிட்டர் என்றது. அது பொய்யில்லை. இதமான வெயில்காலச் சூட்டில், சோதனைக்கூடத்தின் கூரைக்குக் கீழே, சுழலும் உருளைகளின்மேல், எங்கும் போகாமல் ஓடினால் அந்த வண்டி அரை லிட்டர்தான் குடிக்கும். கிரான்வட்னெட்டில் வண்டிகள் எங்காவது போகவேண்டியிருந்தது, அதுதான் கோளாறு. பகல் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாத ஜனவரியில், பனியில் வழுக்காத ஆணி டயரோடு, இருக்கைக்கும் கண்ணாடிக்கும் சூடேற்றிக்கொண்டு போனால் சிக்ஸ்டனின் வண்டித் திரை ஒரு லிட்டர் காட்டியது. அவர் திரையை ரேடியோவுக்கு மாற்றிக்கொண்டார்.

நகராட்சியில் காலைக் காப்பி நேரம் புனிதமானது. அந்நேரம் ஊரில் தீப்பிடித்தால், காப்பி தீர்ந்தபிறகுதான் தீ அணையும்.

"என்னுது அரை லிட்டர்தான்" என்றார் சிக்ஸ்டன், ஏலக்காய் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே.

"அரையா? எனக்கு அதுக்கும் கீழ" என்றார் மாய்-பிரிட். முதியவர்களை வீடுவீடாகப் போய்க் கவனிப்பவர். "பிரேக்கையே தொடமாட்டேன் நான்."

"அதத்தான் உன் முன்பக்க பம்பர் சொல்லுதே" என்றார் கணக்காளர் ஓர்யான். "எனக்கும் அரைதான். இறக்கத்துல அதுவும் இல்ல."

மேசையின் கோடியில் புதிதாக வந்த தூவா உட்கார்ந்திருந்தார். நிலைத்தன்மை வியூக அலுவலர். அந்தப் பதவி என்ன செய்யும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் தெரிந்தது.

தூவாவின் சுற்றறிக்கை வந்தது: "ஊழியர்களின் நேரடி அனுபவத்தால் ஐயந்திரிபற மெய்ப்பிக்கப்பட்ட அளவாகிய மீலுக்கு அரை லிட்டர் என்பதே இனி முதியோர் வீட்டுப் பராமரிப்பு வண்டிகளுக்கு வழங்கப்படும். இவ்வளவில் அடங்காத பயணம், அவசியமற்ற பயணமாகக் கருதப்படும்."

பாதி மாதத்தில் பெட்ரோல் தீர்ந்தது. நாலு மீலுக்கு அப்பால், ஏரிக்கரையில் தனியாக இருந்த எவர்ட் கிழவர்தான் முதல் அவசியமற்ற பயணம். வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டவேண்டும். அவரால் குனிய முடியாது.

"எவர்ட்டோட வீடு அளவுக்குள்ள வரல" என்றார் தூவா. "வீட்டக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவர முடியுமா?"

"வீட்டையா?"

"சரி, எவர்ட்ட. முதியோர் இல்லத்துல இடம் இருக்கு. அங்க வண்டி போகாதுன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், சிக்ஸ்டன்."

அங்கே மேலதிகாரியும் 'நீ', கீழதிகாரியும் 'நீ'. மரியாதை அதனால் குறைவதில்லை, கையெழுத்தும் அதனால் இலேசாவதில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போவதற்குப் பதில் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு இறங்கிவிடுவேன் என்று எவர்ட் சொல்லியனுப்பியிருந்தார்.

வண்டிக் கொட்டகையில் மாய்-பிரிட் வழிமறித்தார். "கையெழுத்துப் போட்டுடாத. நேராப் போய், என் வண்டி ஒரு லிட்டர் குடிக்குதுன்னு சொல்லு. அளவ மாத்திடுவா. கத முடிஞ்சுது."

"நீயே சொல்லேன்."

"நான் அரைக்கும் கீழன்னு சொல்லித் தொலச்சேனே! உனக்கு ஒரு படி எறங்கினாப் போதும். நான் கூரையிலருந்து எறங்கணும்."

சிக்ஸ்டன் சொல்லவில்லை. ஊரில் எல்லார் வண்டியும் அரை குடிக்கையில் தன் வண்டி மட்டும் ஒன்று குடித்தால், அது வண்டியின் குறையா, ஆளின் குறையா? அவர் தன் காசில் ஒரு கேன் பெட்ரோல் வாங்கி, கொட்டகை வண்டிகளில் ஊற்றினார். மறுவாரம் இரண்டாவது கேனோடு போனபோது, உள்ளே ஓர்யான் கையில் ஒரு கேனோடு நின்றிருந்தார்.

"புல்வெட்டிக்கு" என்றார் ஓர்யான்.

வெளியே பனி இடுப்பளவு கிடந்தது.

"எனக்கும் அதுக்குத்தான்" என்றார் சிக்ஸ்டன்.

அந்த மாதம் கிரான்வட்னெட்டில் பலருக்கும் புல்வெட்ட வேண்டியிருந்தது. யார் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது, கேட்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும். மாதக் கடைசியில் தூவா கணக்கெடுத்தார். கொடுத்த பெட்ரோலைவிட, ஓடிய பிறகு தொட்டியில் மிஞ்சிய பெட்ரோல் அதிகமாக இருந்தது. தூவா இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். எண் பொய் சொல்லாது.

"வண்டிங்க குடிக்கல" என்று காப்பி அறையில் அறிவித்தார். "கொடுக்குது! அப்ப எவ்வளவு ஓட்டுறோமோ அவ்வளவு லாபம்."

எவர்ட்டின் வீடுதான் ஊரிலேயே தொலைவு. ஆகவே அவருக்கு நாளைக்கு ஐந்து வருகைகள் விதிக்கப்பட்டன. மூன்றாம் நாள் கிழவர் தூவாவுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, எனக்கு இருக்குறது ரெண்டு காலு. எத்தன தடவதான் காலுறைய மாட்டிக் கழட்டுவீங்க?"

"செலவப் பத்திக் கவலப்படாதீங்க, எவர்ட்" என்றார் தூவா.

ஐந்து வருகைக்கும் கேன் சுமந்து சிக்ஸ்டனின் தோள் கழன்றது, சம்பளமும் கரைந்தது. ஊற்றுவதை நிறுத்தினால் அளவு மீறும், எவர்ட் போகவேண்டும். மிச்சமிருந்த ஒரே வழி உண்மை. ஒரு வெள்ளிக்கிழமை காப்பி நேரத்தில் அவர் எழுந்து நின்றார்.

"என் வண்டியப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

எல்லாரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். மாய்-பிரிட் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தூவா தணிந்த குரலில் சொன்னார்:

"நானும் அதே வண்டியப் போன வாரம் வாங்கினேன். என்னுது இன்னும் கொடுக்க ஆரம்பிக்கல. எனக்கு ஓட்டத் தெரியலையோ என்னவோ. உன்னுது எவ்வளவு கொடுக்குது, சிக்ஸ்டன்?"

சிக்ஸ்டனின் வாய்வரை வந்திருந்த உண்மை, அங்கே கூடியிருந்த மனிதர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"கால் லிட்டர்" என்றார்.

"காலா?" என்று மாய்-பிரிட் கண்ணைத் திறந்தார். "எனக்கு அதுக்கும் மேல."

"எனக்கும் நேத்து லேசாக் கொடுத்த மாதிரிதான் இருந்தது" என்றார் தூவா, முகம் தெளிந்து. "அப்ப ஏப்ரல்லருந்து நகராட்சி வண்டி ஒவ்வொண்ணும் மீலுக்கு அரை லிட்டர் கொடுக்கணும். அதுலயே பனி வாருற வண்டிய ஓட்டிடலாம்."

எல்லாரும் இன்னொரு கோப்பை காப்பி ஊற்றிக்கொண்டார்கள்.

எவர்ட்டை வீட்டிலேயே வைத்திருக்கக் கேன் கேனாகப் பெட்ரோல் வேண்டும், அந்தக் காசுக்கு இனி ஒரு வழிதான். அன்று மதியம் சிக்ஸ்டன் தன் க்ராஸ்ஓவரை விற்க விளம்பரம் எழுதினார். அதையாவது நேர்மையாக எழுதவேண்டும் என்று நெடுநேரம் யோசித்தார். கடைசியில் "மீலுக்கு அரை லிட்டர்" என்று போட்டுவிட்டு, குடிக்குமா கொடுக்குமா என்பதை மட்டும் எழுதாமல் விட்டார்.

இருட்டுவதற்குள் மூன்று பேர் வந்து வாசலில் நின்றார்கள். மூவரிடமும் ஏற்கெனவே அதே வண்டி இருந்தது. தங்களுடையதில்தான் ஏதோ கோளாறு என்றார்கள்.