கையைக் கட்டச் சொன்ன டவர் நைனா

உத்திரமேரூர் வட்டாரத்திலேயே தன் கைகளைக் கண்டு தானே பயந்த ஒரே ஆசாமி எங்கள் டவர் நைனாதான்.

பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, எந்த வேலையும் நிலைக்காமல் நான் ஒதுங்கிய இடம் அது. மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்தி அழுக்காக்கிய சால்வென்ட்டை, அதாவது கரைப்பான் திரவத்தை, காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கும் சின்னக் கம்பெனி. நடுவில் தென்னையைவிட உயரமாக ஒரு இரும்பு டவர். கீழே நீராவி கொடுத்தால் நல்ல சரக்கு ஆவியாகி உச்சிக்கு ஏறும், அழுக்கு அடியில் தங்கும். கேட்க எளிதுதான். ஆனால் அந்த டவருக்கு நியாயமே கிடையாது. வால்வைக் கொஞ்சம் திறந்தால் அசையாது. இன்னும் கொஞ்சம் திறந்தாலும் அசையாது. பொறுமை போய் மறுபடி திறந்தால், எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பொங்கி, அழுக்கை உச்சிக்கே கொண்டுபோய்விடும். அப்புறம் முதலிலிருந்து காய்ச்ச வேண்டும்.

அந்த டவரை ஓட்டுகிறவர்தான் நைனா. வால்வை ஒரு மயிரிழை திருப்புவார். உடனே ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே சொருகிக்கொள்வார்.

"சொம்மா குந்துடா. அது யோசிச்சிக்கினு கீது."

"இரும்பு இன்னா நைனா யோசிக்கும்?"

"உன்ன வுட நல்லாவே யோசிக்கும்."

பஸ்ஸுக்கும் ஒரே தடவைதான் கைகாட்டுவார். நிற்காவிட்டால் நடந்தே வந்து, "கொஞ்ச தூரம் போயி நின்னிருக்கும்டா" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை முகம் செத்து வந்தார். அவர் பெண்சாதி, நான் அக்கா என்று கூப்பிடுவது, சண்டை போட்டுக்கொண்டு திருப்புலிவனத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டது. இவர் போன் செய்திருக்கிறார். எடுக்கவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அக்கா போனையே அணைத்துவிட்டது.

"பொங்கிட்ச்சிடா," என்றார். "தப்பு என்மேலதான்னு ஒரே ஒரு மெசேஜ் போட்டுட்டேன். இனிமே தொடக்கூடாது. கை நிக்காது, கட்டுடா."

அவர் துண்டாலேயே நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். டவரை நான் பார்த்துக்கொண்டேன். டீயை வாயில் ஊற்றினேன். எட்டிப் பார்த்த மேனேஜர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மதியம் மேசைமேல் போன் அடித்தது. அக்காதான்!

"அவுருடா! டேய், அவுருடா!" நாற்காலியோடு எழுந்து குதித்தார் நைனா. லாரியில் மூட்டை கட்டிப் பழகிய முடிச்சு, லேசில் அவிழுமா? போனை அவர் காதில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாய்யா, துன்னியா?"

"இல்லம்மே."

"சாய்ங்காலம் பஸ் ஸ்டாண்டாண்ட வந்து நில்லு. பையி கனமா கீது."

நைனா அழுதுவிட்டார். துடைக்கக் கை இல்லை. என் சட்டையால் துடைத்துவிட்டேன்.

எனக்குத்தான் ஓரிடத்தில் கால் தரிக்காதே, அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன். இப்போது ஓசூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஜாகை. வேலை இருந்தால் சோறு. 'சொம்மா குந்துடா' என்று சொல்லத்தான் இங்கே ஆளில்லை.

இன்று காலை நைனாவுக்குப் போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்கவில்லை. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.