பத்தொன்பதாவது வார்டு

தேர்தலில் நிற்காமல், ஒரு ஓட்டுக்கூட வாங்காமல், ஒரு மன்றக் கூட்டத்தைக்கூடத் தவறவிடாத மக்கள் பிரதிநிதி இந்தியாவிலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பேரூராட்சிக்காரர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். தருமபுரியில் அரூர் பஸ் ஏறினால் வழியில் வரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதில் வருகிற பெரிய தவறு நான் செய்தது, எனக்கு இன்னும் பல வருட சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

எங்கள் ஊருக்கு வார்டு பதினெட்டு. உறுப்பினர்களும் பதினெட்டுப் பேர். கூட்ட அரங்கின் கடைசியில், பார்வையாளர் பெஞ்சில், மாதம் தவறாமல் தேய்த்த சட்டையோடு வந்து உட்கார்ந்தவருக்கு ஊர் வைத்த பெயர் ‘பத்தொன்பதாவது வார்டு’. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டூவீலருக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் என்ன என்று எனக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த பிறகும் வாயில் வரவில்லை.

நான் அங்கே இளநிலை உதவியாளர். மாதக் கூட்டத்தில் முடிவுக்கு வைக்கிற ஒவ்வொரு விஷயத்துக்கும் ‘பொருள்’ என்று பெயர். குப்பை வண்டிக்கு டயர் மாற்றுவது ஒரு பொருள், தெருவிளக்குக்கு பல்பு வாங்குவது ஒரு பொருள். அந்தப் பொருள்களையெல்லாம் தாளில் அடித்து, கூட்டத்தில் நின்று வாசிப்பது என் வேலை. பொம்மிடி ஸ்டேஷனில் நிற்காத ரயில் போகிற வேகத்தில் வாசிப்பேன். கடைசிப் பொருளை நான் முடிக்கும்போது, கேட்டவர் கேட்காதவர் எல்லோரும் சேர்ந்து “ஆல் பாஸ்” என்பார்கள். உடனே போண்டா வரும். இந்த ஏற்பாட்டில் ஊரில் ஒருவருக்குத்தான் வருத்தம்.

“என்னாங்க மேடம், டீ ஆர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்க? நான் கடைய சாத்திட்டு வந்திருக்கேனுங்க.”

பார்வையாளர் பெஞ்சில் முன்பு ஆணி துருத்திக்கொண்டிருக்கும். அவர் வந்த இரண்டாவது மாதமே, ‘பெஞ்சுக்கு உறை தைத்துப் போட அனுமதி வேண்டி’ ஒரு மனு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல விதி எதுவும் இல்லாததால் செயல் அலுவலர் கையெழுத்துப் போட்டார். அடுத்த கூட்டத்துக்குள் அந்தப் பழைய பெஞ்ச் மெரூன் ரெக்ஸினில், ஓரத்தில் வெள்ளை பைப்பிங் வைத்து, புது புல்லட் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. தலைவர் நாற்காலியில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. தலைவர் அம்மா, தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பெஞ்சை ஒருமுறை பார்த்தார், தன் நாற்காலியை ஒருமுறை பார்த்தார். அன்றைக்கே அவருக்கு இவர்மேல் கொஞ்சம் கடுப்பு ஏறிவிட்டது.

பார்வையாளர் பேசக் கூடாது என்பது விதி. நம்மவருக்கு விதி என்றால் உயிர். அதனால் சந்தேகத்தை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளச் செயல் அலுவலரிடம் வந்தார்.

“பேசக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க. இருமலாமுங்களா?”

செயல் அலுவலர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இருமலாம். ஆனா கருத்து சொல்ற மாதிரி இருமக் கூடாது.”

அவர் அதைச் சட்டைப்பையில் இருந்த குட்டி நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். “அப்புறம் என்னாச்சுங்க?” நாங்கள் தீர்மானம் போட்டதோடு மறந்துவிடுவோம். அவருக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கும். நாலு பல்பு மாற்றத் தீர்மானம் என்றால், நாலும் எரிகிறதா என்று சாயங்காலம் சைக்கிளில் போய்ப் பார்ப்பார். தெருநாய்களுக்குக் கருத்தடை என்று ஒருமுறை தீர்மானம் போட்டோம். பிடித்துக்கொண்டு போன நாயை அதே தெருவில்தான் திரும்ப விடுகிறார்களா என்று அவருக்குச் சந்தேகம். தன் தெரு நாயின் கழுத்தில் மெரூன் ரெக்ஸினில் ஒரு பட்டை தைத்துக் கட்டிவிட்டார், அதற்கும் வெள்ளை பைப்பிங். ஒரு வாரம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக ஆபீசுக்கு வந்தார்.

“வந்துடுச்சுங்க மேடம். ரெண்டு தெரு தள்ளி எறக்கி விட்டுட்டாங்க. அதுவா வழி கேட்டு வந்துடுச்சு.”

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது தண்ணீர்த் தொட்டிகள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவினால், கழுவிய தேதியையும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியையும் அதன்மேலேயே பெயின்டில் எழுத வேண்டும். எழுதுகிற ஆட்களைத் தவிர அதைப் படித்தவர்கள் யாரும் கிடையாது. இவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டிக்குக் கீழேயும் நின்று, கழுத்தை நிமிர்த்தி, தேதியைப் படித்து நோட்டில் எழுதுவார். எங்கள் ஆபீஸ் ஃபைலில்கூட அந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “இதெல்லாம் தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறீங்க?”

“ஒன்னும் பண்ண மாட்டங்க. சும்மா தெரிஞ்சுக்கலாமுன்னுதான்.”

“இவ்வளவு ஆர்வம் இருக்குதே, எலெக்‌ஷன்ல நிக்கலாமே?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “ஐயோ, வேண்டாமுங்க. ஜெயிச்சுட்டா என்னைய கேள்வி கேப்பாங்க. அப்புறம் நான் எப்ப கேக்கறது?”

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒருமுறை வாயைத் திறந்து மாட்டிக்கொண்டார். பங்குனி மாதக் கூட்டத்தில், பஸ் ஸ்டாண்டில் கிழக்கே பார்த்த நிழற்குடையை மேற்கே பார்த்துத் திருப்பி வைப்பது என்று ஒரு பொருள். “எதுக்குங்க?” என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது, பாவம். பதினெட்டுத் தலைகளும் திரும்பின. எதற்கு என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

தலைவர் அம்மா எழுந்தே விட்டார். “இன்னொரு தடவ பேசினீங்கன்னா, இந்த மன்றத்துக்குள்ள உங்களுக்கு எடம் கெடையாது. ஏம்மா, இத மினிட்ஸ்ல ஏத்து.”

ஏற்றினேன். ‘பார்வையாளர் ஒருவர் எச்சரிக்கப்பட்டார், மீண்டும் பேசினால் அனுமதி நிரந்தரமாக ரத்து செய்யப்படும்.’ மறுநாளே அவர் நகல் கேட்டு மனு போட்டார். மினிட்ஸில் தான் வருவது இதுதான் முதல் முறை என்று அதை லேமினேட் செய்து கடையில் மாட்டிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு கூட்டத்தில் உட்காரும்போது, வாயில் வெற்றிலை அடக்கியவர் மாதிரி உதடுகளை இறுக்கி மூடிக்கொள்வார். அந்த இடம் போய்விட்டால் அவருக்கு வேறு எதுவும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கல்யாணம் ஆகாதவர், கடைக்கு மேலேயே ஓர் அறையில் குடியிருந்தார்.

இனி என் தவறு. அரசு அலுவலகத்தில் எந்தத் தாளையும் யாரும் புதிதாக அடிப்பதில்லை. போன மாதத் தாளைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றுவோம். சித்திரை மாதக் கூட்டத்தில், நாலாவது வார்டில் விரிசல் விட்ட பழைய தண்ணீர்த் தொட்டியை இடிக்க ஒரு பொருள் வைக்க வேண்டியிருந்தது. பதினொன்றாவது வார்டு தொட்டியைக் கழுவிய பழைய தாளைத் திறந்தேன். கழுவுவதை எடுத்துவிட்டு இடிப்பதைப் போட்டேன். அந்த நேரம் யாரோ பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். எழுந்து போய்விட்டுத் திரும்பியவள், வார்டையும் தெருவையும் மாற்ற மறந்தே போனேன்.

பதினொன்றாவது வார்டு தொட்டி கல் மாதிரி இருந்தது. மூன்று தெருக்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் அதிலிருந்துதான். இடிக்கிற ஒப்பந்ததாரர் தாளில் இருப்பதை மட்டும் செய்கிறவர். ஒருமுறை தாளில் தப்பாக இருந்ததற்காகப் பட்டுப்போன மரத்தை விட்டுவிட்டுப் பச்சை மரத்தை வெட்டிவிட்டுப் போனவர். இந்தத் தீர்மானம் கையில் கிடைத்தால் மறுநாள் காலை மெஷினோடு போய் நிற்பார்.

இது எதுவும் தெரியாமல் நான் ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது பொருளைத் தாண்டும்போது பின்னால் ஓர் இருமல். பத்தாவதுக்குப் போனேன். இன்னும் பலமாக இருமல். செயல் அலுவலர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அது சந்தேகமே இல்லாமல் கருத்து சொல்கிற இருமல். கடைசிப் பொருளை முடித்தேன். “ஆல் பாஸ்” என்று முதலில் கத்தியவர் பதினொன்றாவது வார்டு உறுப்பினர்தான்.

பார்வையாளர் பெஞ்சிலிருந்து நம்மவர் எழுந்து நின்றார்.

“தலைவருங்களே, ஒன்பதாவது பொருளுங்க. அந்த டேங்க போன மாசந்தான் கழுவி தேதி எழுதிருக்குது. நல்ல டேங்குங்க அது. வெடிப்பு வுட்டது நாலாவது வார்டுல இருக்கறது.”

தலைவர் அம்மா என்னைப் பார்த்தார். “எந்த வார்டும்மா?” இன்ஜினியர் அறிக்கையைப் புரட்டினேன். நாலு என்று இருந்தது. என் தாளில் பதினொன்று. பதினொன்றாவது வார்டு உறுப்பினர், “நம்ம டேங்கா?” என்று கேட்டுவிட்டு, முன்னால் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பொருளைத் திருத்தி எழுதினோம்.

உட்காருவார் என்று பார்த்தால் பத்தொன்பதாவது வார்டு உட்காரவில்லை. நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“விதிப்படி நான் வெளிய போவணுங்க.”

“பரவாயில்ல, உக்காருங்க” என்றார் தலைவர் அம்மா.

“அப்படி வுட முடியாதுங்க. பங்குனி மினிட்ஸ்ல ஏறிடுச்சு. மாத்தறதா இருந்தா அதுக்கொரு பொருள் வெக்கணுங்க.”

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விதியைச் சொல்லிக் கொடுத்தவர் மினிட்ஸ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். நம்மவர் பெஞ்ச் ரெக்ஸினில் இருந்த சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு வெளியே போனார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். “நீங்க சொல்லலன்னா எனக்கு வேலையே போயிருக்குங்க.”

“வேல போனா போவுது. டேங்க் போயிருந்தா அந்த மூணு தெரு பொம்பளைங்களும் கொடத்தோட உங்க ஆபீசுக்கு வந்திருப்பாங்க. அப்புறம் என்னாவும்னு யோசிச்சுப் பாத்தங்க, எனக்கே பயமாயிடுச்சு.” மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அது கெடக்கட்டும். நாலாவது வார்டு டேங்க மேல இருந்து இடிப்பாங்களா, கீழ இருந்துங்களா?”

அடுத்த கூட்டத்தன்று அரங்கத்து ஜன்னலுக்கு வெளியே, புங்க மரத்தடியில், தேய்த்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தேன். “ஏம்மா, தொண்ட கட்டிக்கிச்சா?” என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். கூட்டம் முடிந்ததும் அவர் வாசலில் காத்திருந்தார். “ஏழாவது பொருள் பஸ் ஆரன்ல போயிடுச்சுங்க. அது என்னாங்க?”

அவரை உள்ளே விட ஒரு பொருள் வையுங்கள் என்று இரண்டு உறுப்பினர்களிடம் கேட்டுப் பார்த்தேன். “பாக்கலாம்மா” என்றார்கள். தங்களைத் திருத்திய ஆளைக் கூப்பிட்டு மறுபடி முதுகுக்குப் பின்னால் உட்காரவைக்க யாருக்கும் ஆசை இல்லை. இரண்டு மாதம் அப்படியே போனது. மெரூன் பெஞ்சில் உறுப்பினர்களின் ஹெல்மெட்டுகள் உட்கார்ந்திருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆடி மாதத் தாளில் இருபத்து மூன்றாவது பொருளை நானே அடித்தேன். பல்புக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் நடுவில் வைத்தேன். ‘பார்வையாளர் ஒருவருக்கு ரத்து செய்யப்பட்ட அனுமதியை மீண்டும் வழங்க.’ செயல் அலுவலரின் பேனா அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்தில் பழைய வேகத்துக்கு மாறினேன். முகம் மட்டும் ஜன்னல் பக்கம். இருபத்து மூன்று போனது. தலைவர் அம்மா மட்டும் அந்தப் பக்கத்தில் விரல் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். “ம், அடுத்தது” என்றார். கடைசியில் பதினெட்டுப் பேரும் “ஆல் பாஸ்” என்றார்கள். போண்டா வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓர் இருமல் கேட்டது. அது கருத்து சொல்கிற இருமல். நான் மினிட்ஸில் ஏற்றவில்லை.

அடுத்த மாதம் உள்ளே வந்தவர், உட்காருவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்தார். “யாருமே கேக்காம பாஸானது செல்லுமுங்களா?”

“நீங்க கேட்டீங்க இல்ல?”

நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “கேட்டங்க” என்றார். ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் இப்போது மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறேன். இங்கேயும் ஆல் பாஸ் உண்டு, போண்டா உண்டு. பார்வையாளர் பெஞ்ச் காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் நான் மெதுவாகத்தான் வாசிக்கிறேன், ஒவ்வொரு பொருள் முடிந்ததும் ஒரு நொடி நிறுத்துகிறேன். பின்னால் அவர் உட்கார்ந்திருந்தால் இந்த இடத்தில் இருமியிருப்பாரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறேன்.