மாப்பிள்ளையின் தொட்டி விளக்கும் என் லாவெண்டர் துணியும்

வேலம்பாளையம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை நித்தீஷ் அவர்களுக்கு, மாமனார் கிட்டுசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ரங்காத்தாளும் சௌக்கியம். ஆறு மாத வேலையாக ஜெர்மனி போகும்போது எங்கள் ஹாலில் நீங்கள் விட்டுப்போன கடல்நீர்த் தொட்டியும் அதிலுள்ள மீன்களும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகள் தேஜஸ்ரீயும் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும்.

மரியாதை முடிந்தது, இனி விஷயம். போனில் சொல்லலாம் என்றால், "நல்லா இருக்கறீங்களா மாமா" என்று நீங்கள் கேட்டதுமே என் கோபம் இறங்கிப்போகிறது. இறங்கக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளையைத் திட்டுவது நம் பக்கத்தில் வழக்கம் இல்லை. ஆகவே இந்தக் கடிதம் முழுக்க நான் உங்கள் தொட்டியின் நீல விளக்கைத்தான் திட்டுகிறேன். ஏதாவது ஒரு வார்த்தை தவறி உங்கள் மேல் பட்டால், அதை விளக்குக்கே தள்ளிவிடவும்.

"தொட்டிக்கு மேல தொங்க உட்டாப் போதுமுங்க மாமா, அரை மணி நேர வேலை" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். நம் பனியன் கம்பெனி எலெக்ட்ரீஷியன் இளங்கோவைக் கூப்பிட்டேன். அவன் செக்கிங் டேபிளுக்கு டியூப்லைட் கட்டியே பழகியவன். அங்கே விளக்கு தாழத் தொங்கினால்தான் துணியில் ஓட்டை தெரியும். அதே பழக்கத்தில் உங்கள் விளக்கையும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி கட்டிவிட்டு, "பாருங்க முதலாளி, ஒரு டேமேஜ் தப்பாது" என்றான். தொட்டிக்குள் நீங்கள் வளர்க்கிற பவளம் என்ன பனியனா, ஓட்டை பார்க்க? ஒரே வாரத்தில் அது வெளுத்துப்போனது. வீடியோவில் பார்த்து நீங்கள் பதறினீர்கள், "மேல தூக்கோணுங்க மாமா, அதுக்கு அத்தன வெளிச்சம் தாங்காதுங்க" என்றீர்கள். தூக்கினோம். உங்கள் அத்தை ஆசைப்பட்டுப் போட்ட ஃபால்ஸ் சீலிங்கில் இளங்கோ கொக்கி போட்டான், கொக்கியில் விளக்கு தொங்கியது, மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சீலிங் பலகையே பெயர்ந்து சோபா மேல் விழுந்தது, விளக்கு மட்டும் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடியது. அத்தை அப்போதும், "சோபா போனாப் போகுதுங்க, மாப்ளைகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க" என்றாள். கடைசியில் கம்பெனியில் துணி ரோல் அடுக்குகிற இரும்பு ஸ்டாண்டை அறுத்து, இரண்டு பக்கமும் கால் நட்டு, குறுக்கே பைப் வைத்து, அதில் தொங்கவிட்டோம். டி.வி.க்கு முன்னால் ஒரு கோல்போஸ்ட் நிற்கிறது.

உயரத் தூக்கியதும் அந்த நீல வெளிச்சம் ஹால் முழுக்கப் பரவிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கூசுகிறது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "ஏனுங்க, ஊட்டுக்குள்ள வெல்டிங் ஓடுதுங்களா?" என்று கேட்டுப் போனார். என்ன விளக்குங்க மாப்பிள்ளை இது? இதைக் கண்டுபிடித்தவன் தன் வீட்டு ஹாலில் மாட்டுவானா?

அதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. கலர் விஷயத்தில் என் கண் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் ஷேடில் தகராறு என்றால், கலர் அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தவன்கூட, "கிட்டுசாமி அண்ணங்கிட்ட ஒருக்கா காட்டிப்போடுங்க" என்பான். நான் சம்பாதித்ததில் பெரியது அந்தப் பேர்தான். குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஒன்றுக்கு லாவெண்டர் நிறம் கேட்டிருந்தார்கள். சாயப்பட்டறையிலிருந்து மாதிரித் துண்டுகள் வீட்டுக்கே வந்தன. ஹாலில் உட்கார்ந்து பார்த்து, ஒரு துண்டை எடுத்து, "இதுதான்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முழு லாட்டும் சாயம் ஏறி வந்தது. பிரித்துப் பார்த்த, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் அன்புசெல்வி, "முதலாளி, இது லாவெண்டர் இல்லீங்க, சாம்பலுங்க. பச்சக் கொழந்தைக்கு ஆருங்க சாம்பக்கலர் வாங்குவாங்க?" என்றாள். செக்கிங்கில் ஒரு பெண் சிரித்தே விட்டாள். எனக்கு முகம் எரிந்தது மாப்பிள்ளை. "எல்லாம் எங்க மாப்ளையோட நீல வெளிச்சம் பண்ணுன வேலை" என்றேன். சாயப்பட்டறையில் சொன்னேன், பேக்கரியில் சொன்னேன், ஒரு கல்யாணத்தில் பந்தியிலும் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த ஒரு வாரத்துக்குள் ஆளை அனுப்பித் தொட்டி, விளக்கு, உப்பு மூட்டை அத்தனையையும் எடுத்துக்கொள்ளவும். தவறினால் விளக்கு இரும்புக் கடைக்குப் போகும். மீன்களைக் கடலில் விடலாம் என்றால் திருப்பூரில் கடலும் இல்லை.

தேஜஸ்ரீக்கு எங்கள் ஆசிகள். உங்களுக்கு, கோபம் நீங்கலாக மற்ற எல்லாப் பிரியமும். அங்கே ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
கிட்டுசாமி

பி.கு.: அத்தாட்சிக்கு இருக்கட்டும் என்று, ஆர்டரோடு வந்த லாவெண்டர் மாதிரித் துணியையும் நான் ஓகே செய்த துண்டையும் இந்தக் கடிதத்தோடு வைக்க எடுத்தேன். எது எது என்று எழுதி வைக்கலாம் என வாசலுக்குக் கொண்டுபோய் நல்ல வெயிலில் பிடித்தேன். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதென்ன கேள்விங்க, ஒண்ணு கத்திரிப்பூ, ஒண்ணு அடுப்புச் சாம்பல்" என்றாள். சாயங்காலமே கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரையாம். நாள்பட்டதாம். நீலமும் ஊதாவும்தான் முதலில் மங்குமாம். அடுத்த மாதம் ஆபரேஷன். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஆபரேஷனுக்கு இல்லை, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான். தேஜஸ்ரீயிடம்கூடச் சொல்ல வேண்டாம். தயவுசெய்து ஆளையும் அனுப்ப வேண்டாம். என் கண் சரியாகி வரும்வரை விளக்கு அங்கேயே தொங்கட்டும். தெருவில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னல் திரையையும் கழற்றிவிட்டேன். யாராவது உங்களுக்குப் போன் செய்து கேட்டால், தப்பு உங்கள் விளக்கின் மேல்தான் என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடவும்.