கடலடிப் பூதத்துக்குக் கால் தகடு

தனக்குக் கற்பனை வளம் ஜாஸ்தி என்று தானே சொல்லிக்கொள்கிறவர்களை நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான்.

சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் சேர்ந்த புதிது. கடலுக்கடியில் நடக்கிற சாகச விளையாட்டுக்குக் கதாநாயகி வரையச் சொன்னார்கள். "பார்த்ததும் பிடிச்சிரணும்" என்றார் மேலதிகாரி. அலைபாயும் கூந்தல், முத்துமாலை, பெரிய பெரிய கண் என்று ஒருத்தியை வரைந்தேன். (இடுப்பு என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம், அவ்வளவு ஒல்லி.) அவளை விரட்ட ஒரு பூதமும் வேண்டுமே. அது மட்டும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. அடடா, என்னா கற்பனை என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

லீவுக்குப் பாம்பன் வந்தேன். அம்மா கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள். மதியம் கரையேறி வந்த அம்மாவையும் அவள் கூட்டாளிகள் நாலு பேரையும் உடுப்பு மாற்றக்கூட விடாமல் உட்காரவைத்து, டீ கொடுத்து, லேப்டாப்பைத் திறந்தேன். நாயகி வந்தாள். எல்லாரும் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள். அடுத்து பூதம் வந்தது.

கிழிந்த ஆம்பளைச் சட்டை. விரலெல்லாம் துணிச் சுற்று. உருண்டைக் கண்ணாடி. இடுப்பில் பை. காலில் துடுப்பு மாதிரி தகரத் தகடு.

"அடியே பஞ்சவர்ணம், இது நீதான்டி!" என்று ராக்கு அக்கா கத்த, நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே அம்மா அதே சட்டையில், அதே துணிச் சுற்றோடு டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெற்ற தாயைப் பூதமாக வரைந்து, அவளிடமே காட்டி அபிப்பிராயம் கேட்ட ஒரே மகராசி நானாகத்தான் இருப்பேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏத்தா, ஒன் கண்ணுக்கு நான் இப்பிடித்தான் தெரியிறேனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன வயதில் அந்தச் சட்டையோடு அம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் நான் போய் ஒளிந்துகொள்வேன். அதையும் தேம்பிக்கொண்டே அங்கேயே சொல்லிவிட்டேன். (யாரும் கேட்கவே இல்லை!)

அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "தகட்டை இப்பிடியா கட்டுவாக? முங்குன ஒடனே அவுந்துரும். குதிகாலச் சுத்திக் கட்டணும்" என்றாள். நாயகியைக் காட்டி, "இந்தப் புள்ளைக்கு மொதல்ல கொண்டையப் போடு. முடிய விரிச்சுப் போட்டு முங்குனா பாறையில மாட்டிச் செத்துப்போவா. பூதந்தான் பொழச்சு மேல வரும்" என்றாள். துணி சுற்றிய விரலாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டாள். உப்புத் தண்ணி பட்டு இன்னும் எரிந்தது.

கூந்தல்காரியை அன்றைக்கே அழித்தேன். தகட்டைச் சரியாகக் கட்டி, பூதத்தையே நாயகியாக்கிக் கொண்டுபோனேன். மேலதிகாரி அசந்துபோய், "யாருங்க இது?" என்றார்.

"எங்கம்மா" என்றேன். ஆபீசில் அம்மாவைப் பற்றி நான் பேசியது அதுதான் முதல் தடவை.

கேம் வந்துவிட்டது. அம்மா அதை ஆடி, முதல் கட்டத்திலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகிறாள். "கடல்ல சாகாதவ ஒன் போன்ல சாகுறேன்டி" என்று திட்டு வேறு. ஆனால் இப்போதெல்லாம் எனக்குப் போன் போட்டால் 'அம்மா பேசுறேன்' என்று சொல்வதே இல்லை.

"பூதம் பேசுறேன். சாப்ட்டியா?"