பூட்டன் கொன்ற கரடி

வன்னியில் வயலை அழிக்க யானை, மயில், குரங்கு என்று பல உயிரினங்கள் உண்டு. நல்ல கதையைக் குழப்புவதற்கென்றே இன்னொரு உயிரினமும் உண்டு. பூட்டன் தேடி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். கிளிநொச்சிப் பக்கம் ஓய்வூதியம் எடுத்த ஆண்களிடையே அதிகம் காணப்படும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அந்த இனம்தான்.

செத்த வீட்டுக்குப் போனால் இது முதலில் பிரேதத்தைப் பார்க்காது. வந்திருக்கும் கிழவர்களில் யாருக்கு இன்னும் காது கேட்கிறது என்று பார்க்கும். அவர் அருகே கதிரையை இழுத்துப் போட்டு, "உங்கட அம்மப்பாவின்ர தேப்பன் எந்த ஊர்?" என்று தொடங்கி, பிரேதம் எடுத்த பிறகும் எழும்பாது. இதனுடைய பூட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து மாட்டுவண்டி கட்டி, ஆனையிறவைக் கடந்து, குடியேற்றத் திட்டத்தின் முதல் மரத்தை வெட்டியவராகவே இருப்பார். எல்லாருடைய பூட்டனும் முதல் மரம்தான். இரண்டாவது மரத்தை வெட்டியவருக்கு இன்றுவரை வாரிசே இல்லை. பிறகு கரடி வரும். கோடரியால் ஒரே வெட்டு!

அமெரிக்காவில் குதிரைவண்டி கட்டி மேற்கே காணி பிடிக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் இப்படித்தானாம், யூடியூபில் பார்த்தேன். அவர்களுக்குக் குதிரை, எங்களுக்கு மாடு. கரடி பொது.

போன ஆவணியில் என் மகள் கௌசலாவுக்கும் அவள் விரும்பிய சுஜிதனுக்கும் சம்பந்தக் கலப்பு. மாப்பிள்ளையின் தகப்பன் ராஜரத்தினமும் நம்மினம். பலகாரத் தட்டு வந்ததும் ஆரம்பித்தார்.

"முதல் மரம் வெட்டினது எங்கட பூட்டன்."

"எங்கட பூட்டன் வீரகத்தியெல்லோ!" என்றேன் நான்.

குரல்கள் ஏறின. என் மனைவி பத்மாசனி குசினி வாசலில் நின்று கண்ணால் எச்சரித்தாள். நல்ல காரியத்தில் சண்டை வரலாமா? சமாதானத்துக்காக அந்த இடத்திலேயே ஒரு சரித்திரம் செய்தேன்.

"சம்பந்தி, ரெண்டு பேரும் அண்ணன் தம்பி! ஒரே வண்டியில வந்தவை. ஒரே மரத்தை ரெண்டு பக்கத்தாலயும் வெட்டினவை."

ராஜரத்தினம் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்றார். சுத்தப் பொய்.

மாப்பிள்ளையின் மாமி கமலேஸ்வரி, கடித்த பயத்தம் பணியாரத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். "அப்ப பொம்பிளையும் மாப்பிளையும் அண்ணன் தங்கச்சி முறையெல்லோ வருகுது? என்னண்டு தாலி கட்டுறது?"

கௌசலா என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அது நான் சும்மா சொன்னனான்," என்றேன்.

"இப்பதானே அடிச்சுச் சொன்னீங்கள்?" என்றார் மாமி.

பத்மாசனி முன்னே வந்தாள். "முழுக்கச் சொல்லுங்கோப்பா. கரடியையும் சேர்த்து."

சொன்னேன். எங்கள் பூட்டன் புகையிலைத் தோட்டத்தை விட்டு ஒருநாளும் அசையாதவர். வன்னிக்கு வந்தது என் அப்பா, மரமெல்லாம் வெட்டி முடிந்தபின், பஸ்ஸில். கரடி நானே விட்டது. இவ்வளவு காலம் ஊட்டி வளர்த்த பூட்டனைச் சபை நடுவே நானே கொன்றேன். உண்மையாகவே வலித்தது. கௌசலா அழுகையோடு சிரித்தாள். மாமி பணியாரத்தைத் திரும்ப எடுத்தார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. அதற்குள் ராஜரத்தினத்தின் பூட்டன் கொன்ற கரடி இரண்டாகியிருந்தது. இரண்டாவது என்னுடையதுதான், பார்த்ததுமே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு பாயசம் குடித்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாசிக்கும்போது நடுவில் ஒருமுறை, 'இவருடைய பூட்டன் பொய், எங்களுடையவர் உண்மையாகவே...' என்று மனதுக்குள் தொடங்கினீர்கள் அல்லவா? வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருந்தால், கரடியை இப்போதே ராஜரத்தினத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.