அத்தானின் துவக்கும் நான் முடுக்கிய நான்கு ஆணிகளும்

எனக்குத் திருகாணி முடுக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகவேண்டியிருந்தது. இதில் வெட்கம் என்னவென்றால், நான் ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறவன். பத்தொன்பது வருஷமாக ஆணி முடுக்கித்தான் சாப்பிடுகிறேன். (மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. எப்படியென்று என்னைக் கேட்காதீர்கள்.)

அக்காவின் கணவர், என் அத்தான், பஸ் ஓட்டியவர். ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிற மனுஷன். கூட வேலை செய்த ஒருவரோடு போய்ப் பழகி, இலக்குத் தாளில் துவக்கால் சுடுகிற விளையாட்டில் விழுந்துவிட்டார். தனியாக வகுப்புக்குப் போகக் கூச்சப்பட்டு, என்னையும் இழுத்துப்போய் லைசன்ஸ் எடுக்க வைத்தார். அத்தான் இடக்கைக்காரர். கடையில் கிடைக்கிற துவக்கெல்லாம் வலக்கைக்காரருக்கே செய்தவை. ஓய்வு பெற்றதும், தன் தோளுக்கும் கைக்கும் அளவாக ஒன்று செய்து தரச் சொன்னார். விட்பி நகருக்கு அங்கால் தன் வீட்டுக் கராஜில் துவக்குச் செய்கிற ஒரு கிழவரிடம்.

அக்கா தலையில் கைவைத்தாள். “துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் அளவு குடுத்துத் தைப்பிக்கிறியளோ?”

அத்தான் சிரித்தார். “உது தாளுக்கு மட்டும் சுடுற துவக்கப்பா.”

பதினாலு மாதம் காத்திருந்தார். அதற்குள் ஒரு மார்ச் மாதம், அவருடைய நுரையீரலில் கட்டி இருப்பதாக டொக்டர் சொன்னார். மருந்து ஏற்றத் தொடங்கி மூன்று கிழமையில் துவக்கு வந்தது.

குறிபார்க்கிற கண்ணாடியான ஸ்கோப்பைத் தானே பூட்டித் தருவதாகக் கிழவர் சொன்னார். நான் விடவில்லை. “ஐ ஆம் எ மெக்கானிக்” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். ஸ்கோப்பைத் தாங்குகிற இரும்புத் தட்டும், நான்கு ஆணிகளும், பூட்டுகிற விதம் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியும் சின்னப் பையில் போட்டுத் தந்தார். கடதாசியை நான் வாசிக்கவில்லை. கடதாசி வாசித்து ஆணி பூட்டுகிறவன் மெக்கானிக்கா?

முதல் சனிக்கிழமை, சுட்டுப் பழகுகிற றேஞ்சில் அத்தான் ஐந்து குண்டு சுட்டார். நூறு மீற்றரில் ஐந்தும் ஒரு சோடாமூடிக்குள் அடங்க வேண்டும். எங்கள் தாளில் ஐந்தும் ஐந்து திசைக்குப் போயிருந்தன. ஒன்றைக் காணவேயில்லை.

நான் வைத்தியம் தொடங்கினேன். குழல் அழுக்கு என்றேன், துடைத்தோம். குண்டு சரியில்லை என்றேன். மூன்று விதமாக மாற்றினோம். அடுத்த சனி காற்று. அதற்கடுத்த சனி துவக்கைத் தாங்குகிற மணல்மூட்டை. ஒருநாள் தாளைக் கூடக் குறை சொன்னேன். (தாள் பாவம், அசையாமல் நின்றது.) ஸ்கோப் ஆணிகளை மட்டும் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்து, “கல்லு மாதிரி இறுக்கம்” என்று பெருமையாகச் சொன்னேன்.

ஜூலை கடைசியில் அத்தான் சுட்டு முடித்துவிட்டு, எழும்பாமல் இருந்தார்.

“தம்பி, துவக்கிலை பிழை இல்லை.”

“அப்ப?”

இடக்கையை நீட்டிக் காட்டினார். “மருந்து ஏத்தினதிலை இருந்து விரல் நுனி விறைச்சுக் கிடக்கு. விசையை எப்ப அமத்திறன் எண்டு எனக்கே தெரியேல்லை. அந்த மனுசன் நல்லாத்தான் செய்து தந்திருக்கு. என்ரை கைதான் போயிட்டுது.”

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. இனி நான் காரணம் தேடத் தேவையில்லை. அந்த நிம்மதியை நினைக்கத்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அதன்பிறகு அத்தான் றேஞ்சுக்கு வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையையும் வலக்கையால் பிடிக்கப் பழகினார். செப்டம்பரில், “அதைக் கொண்டுபோய் அந்த மனுசனிட்டையே குடுத்து விடு, ஆராவது இடக்கைக்காரன் வருவான்” என்றார்.

கொண்டுபோனேன். கிழவர் ஸ்கோப்பைப் பிடித்து மெல்ல ஆட்டினார். முகம் மாறியது. ஆணிகளைக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார். இரண்டு நீளம், இரண்டு கட்டை. முன்னுக்குக் கட்டை ஆணி போட வேண்டும், பின்னுக்கு நீளம். நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். நீள ஆணி அடியில் குழலில் முட்டி நின்றிருக்கிறது. கைக்கு இறுக்கமாகத் தெரியும், தட்டைப் பிடிக்காது. ஒவ்வொரு வெடிக்கும் ஸ்கோப் அசைந்திருக்கிறது.

“யார் பூட்டினது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எ பிரெண்ட்” என்றேன். (ஐம்பத்திரண்டு வயது.)

கிழவர் என்னைப் பார்த்தார். நான்கு நிமிஷத்தில் சரியாகப் பூட்டித் தந்தார்.

நேரே அத்தானிடம் போனேன். அப்போது அவர் கட்டிலோடு. சொல்லி முடித்தேன்.

“அப்ப என்ரை கை இல்லையோ?”

“இல்லை அத்தான்.”

இடக்கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “பாவம், உதைப் போட்டு எவ்வளவு ஏசிப்போட்டன்.” பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்து, அக்கா ஓடிவந்து முதுகைத் தடவுகிற அளவுக்குச் சிரித்தார். “மெக்கானிக்! மெக்கானிக்!”

“வாங்கோ, சனிக்கிழமை தூக்கிக்கொண்டெண்டாலும் போறன்” என்றேன்.

“ஏலாதடாப்பா. நீ போய்ச் சுட்டுக்கொண்டு வா.”

போனேன். இடக்கைக்கு அளந்து செய்த துவக்கை வலத்தோளில் அரைகுறையாக வைத்து ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தையும் ஒரு சோடாமூடியால் மூடலாம். தாளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். ஐந்து ஓட்டைகளையும் விரலால் தடவினார்.

“நீ சுட்டே இப்பிடியெண்டால்,” என்றார், “நான் எப்பிடிச் சுட்டிருப்பன், என்ன?”

நவம்பரில் அத்தான் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாட்டின்போது, அவருடைய மகள் அபிதான் இந்த ஆணிக் கதையை முதலில் எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது பழுதானாலும் பழி எனக்குத்தான். வைஃபை நின்றால், “மாமா, did you touch it?” சோறு குழைந்தால், “முன்னாணியைப் பின்னுக்குப் போட்டிட்டினம்.” போன மாதம் அபி புதுக் கட்டில் வாங்கினாள். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் வீடே கொல்லென்று சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்தபடியே கட்டில் வந்த பெட்டிக்குள் கிடந்த கடதாசியை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“நான் வாசிக்கிறன். நீ பூட்டு.”

ஒவ்வொரு வரியாக, சத்தமாக வாசித்தாள். நான் ஒவ்வொரு ஆணியாக அவளிடம் நீட்டிக் காட்டி, அவள் தலையாட்டி ஓம் என்ற பிறகுதான் முடுக்கினேன்.